உஷார்! அந்த மெல்லிய ஸ்பீக்கரை வீட்டுக்குள் எடுக்க முன்னம்

சின்னப் பிள்ளை உள்ள வீடா? கொஞ்சம் நில்லுங்கள். காசை எடுத்து நீட்ட முன்னம் இதை வாசித்து முடியுங்கள்.

ஜூன் பிறந்தால் போதும், இங்கே கியூபெக்கின் லொங்குய்யில் பழைய சாமான் விற்பனை சூடு பிடித்துவிடும். ஜூலை முதலாம் தேதி வீடு மாறுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் இணையத்தில் மலிவு விலைக்குப் போடுவார்கள். சோபா, கட்டில், ஃப்ரிட்ஜ் என்று போகிற அந்த வரிசையில் ஆள் உயரத்துக்கு, மறுபக்கம் தெரிகிற மாதிரி மெல்லிய ஸ்பீக்கர் சோடியும் இடையிடையே வரும். எலக்ட்ரோஸ்டாட்டிக் என்று எழுதியிருக்கும். புதிதாக வாங்கும்போது பல ஆயிரம் டொலர், இப்போது சில நூறுதான் என்றும் எழுதியிருக்கும். படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள்.

அதற்குள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வேர்ஹவுசில் இரவு வேலை செய்கிற ஒரு தம்பி. ஷாம்ப்ளி ரோட்டுக்குக் கிட்ட நாலரை அறை வீடு. மனைவி, மூன்று வயது மகன், ஊரிலிருந்து வந்து கூட இருக்கிற மாமனார். மாமனாருக்கு வீணை என்றால் உயிர். அவருக்காகத்தான் தம்பி அந்தச் சோடியை வாங்கினான். விற்றவர் நல்ல மனிதர். தன் வீட்டில் போட்டுக் காட்டித்தான் கொடுத்தார். அங்கே ஒரு குறையும் இல்லை.

கொண்டுவந்து டிவிக்கு வைத்திருந்த ரிசீவரில் பூட்டினார்கள். முதல் இரவு எஸ். பாலச்சந்தரின் வீணை. தந்தியில் விரல் வழுக்குகிற சத்தம், மெட்டின் மேல் நகம் படுகிற சத்தம் எல்லாம் கேட்டதாம். மாமனார் எழும்பிச் சாப்பிடப் போகவில்லை. திரும்பப் போடு, திரும்பப் போடு என்று அதே ஆலாபனையை நடுச்சாமம் வரை கேட்டிருக்கிறார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மகனின் பிறந்தநாள். வீடு நிறையச் சனம். யாரோ டப்பாங்கூத்துப் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். ரிசீவர் பொத்தென்று நின்றது. திரும்பப் போட்டார்கள். திரும்பவும் நின்றது. மூன்றாம் தரம் போட்டபோது உள்ளிருந்து எரிந்த மணம் வந்தது. அதோடு அது முடிந்தது.

தம்பி விடவில்லை. கடனட்டையில் புதிய அம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினான். அது வந்து சில நாளில் மனைவி எனக்குப் போன் எடுத்தாள். குரல் நடுங்குகிறது. "அக்கா, ஸ்பீக்கருக்குள்ளால நெருப்புப் பொறி பறந்தது. பிள்ளை கத்துறான். என்ன செய்யிறது?"

"முதல்ல பிளக்கைக் கழட்டு. பிறகு அவன்ர கையைப் பார்."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் காப்பாற்றினார். தலையில் குத்துகிற கொண்டை ஊசி ஒன்றைக் கண்டெடுத்து, ஸ்பீக்கரின் முன்தகட்டிலே உள்ள சின்னத் துளைக்குள்ளே விட்டிருக்கிறான். துளை இருந்தால் எதையாவது விட்டுப் பார்ப்பதுதானே அந்த வயது. ஊசி உள்ளிருந்த சவ்வைக் கிழித்தது, பொறி பறந்தது, அவன் கையை உதறினான். சவ்வில் மிளகளவு ஓட்டை, சுற்றிவரக் கருகல். புதிய பேனல் என்ன விலை என்று விசாரித்தால், சோடியை வாங்கிய விலையைவிட அது கூட!

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. தம்பியும் கவனமில்லாத ஆள் அல்ல. வாங்கிய பொருள் என்ன மாதிரியானது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பயம். நாளைக்கு இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த ஸ்பீக்கரில் காந்தமும், கம்பிச்சுருளும், கூம்பும் இருக்கும். இதில் அவை இல்லை. மிக மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று. பல மாடல்களில் அதன் தடிப்பு சுமார் 12 மைக்ரான்தான். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. அதற்கு முன்னும் பின்னும் துளையிட்ட உலோகத் தகடுகள். சவ்வுக்கு எந்நேரமும் உயர் மின்னழுத்தம் ஊட்டப்படும். பாட்டின் சமிக்ஞை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர்த்தப்பட்டு அந்தத் தகடுகளுக்குப் போகும். தகடுகள் மாறி மாறி இழுத்தும் தள்ளியும் சவ்வை அசைக்கும். சவ்வுக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் சத்தம் அவ்வளவு சுத்தம். பெட்டி இல்லாததால் பெட்டியின் அதிர்வும் இல்லை.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957-இல் இப்படியொன்றை வீட்டுப் பாவனைக்கு விற்கத் தொடங்கியது. அதன் தாழ்சுருதிப் பேனல்களுக்கு ஊட்டப்பட்டது சுமார் 6000 வோல்ட். இன்றைக்கும் அந்தப் பழைய குவாட்டைத் தேடித் திரிகிறவர்கள் உண்டு. குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலை நல்ல எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் கேட்டவருக்கு, அம்மா முன்னறையில் இருந்து பாடுகிறார் என்றே தோன்றும். தம்புரா பின்னால் தனியாக நிற்கும். வயலினின் வில் திரும்புகிற இடம் தெரியும். நன்மை இல்லாத பொருளுக்கு யாரும் 60 வருடத்துக்கு மேல் உயிர் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேளுங்கள்.

தவில் கேட்கிற வீட்டுக்கு இது சரிவராது.

பேனல் மட்டும் உள்ள மாடலில் தாழ்சுருதி மெலிவு. சவ்வு முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு சத்தத்தை அனுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். தாழ்சுருதியில் அவை சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் வலந்தலை துல்லியமாகக் கேட்கும், தொப்பி காணாமல் போகும். இதற்காகத்தான் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய மார்ட்டின் லோகன் போன்ற நிறுவனங்கள் கீழே சாதாரண வூஃபர் ஒன்றைச் சேர்த்துக் கலப்பு மாடல் செய்கின்றன. அது பரவாயில்லை. என்றாலும் நாதஸ்வரக் கச்சேரியை மண்டபச் சத்தத்துக்கு உயர்த்தினால் சவ்வு தாங்காது. தகட்டில் மோதும், பொறி பறக்கும்.

அடுத்தது அம்ப்ளிஃபையர். இங்கேதான் கன பேர் மாட்டுப்படுகிறார்கள்.

டிவி ரிசீவரில் பூட்டாதீர்கள்!

பெட்டியில் 8 ஓம், 4 ஓம் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். எலக்ட்ரோஸ்டாட்டிக்கின் மின்தடை, சுருதி ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். சில மாடல்களில் உச்சச் சுருதியில் அது ஒரு ஓமுக்கும் கீழே. சாதாரண ரிசீவருக்கு அது வயர் இரண்டும் முட்டிக்கொண்ட மாதிரித் தெரியும். சூடேறும், தன்னைத்தானே நிறுத்தும். நிறுத்தியதைத் திரும்பத் திரும்பப் போட்டால் கருகும். தம்பியின் ரிசீவருக்கு நடந்தது அதுதான்.

அப்படியென்றால் மிகப் பெரிய அம்ப்ளிஃபையர் வாங்கினால் சரியா? அதுவும் ஆபத்து. அந்தப் பழைய குவாட்டோடு சேர்த்து அதே நிறுவனம் விற்ற வால்வு அம்ப்ளிஃபையர் வெறும் 15 வாட். அந்த ஸ்பீக்கரில் 200 வாட் அம்ப்ளிஃபையரைக் கொண்டுபோய்ப் பூட்டினால், கை தவறிச் சத்தம் கூடுகிற ஒரு நொடியில் பேனல் போய்விடும். பலவீனமானதைப் பூட்டினால் அம்ப்ளிஃபையர் சாகும், பலமானதைப் பூட்டினால் பழைய பேனல் சாகும். எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்று தெரிந்த ஒருவரைக் கேட்காமல் ஒரு வயரும் பூட்டாதீர்கள். கேட்பதற்கு இங்கே ஆளில்லாமலும் இல்லை. உலகம் முழுக்க விலைப்படுகிற அம்ப்ளிஃபையர்களைச் செய்கிற சிம்ஓடியோ நிறுவனம் பக்கத்து பூஷேர்வில்லில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் செய்கிற டோட்டெம் மொன்றியலில். இந்தத் தொழில் தெரிந்த திருத்துநர்கள் இந்த ஊரில் உண்டு, தேடிப் பிடியுங்கள்.

இனி நம் வீடுகளுக்கு மட்டுமேயான ஒரு ஆபத்து. எந்தக் கையேட்டிலும் இதை இந்த மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள்.

சாம்பிராணி. ஊதுபத்தி. தாளிப்புப் புகை.

மின்னூட்டம் ஏறிய சவ்வு தூசியை இழுக்கும். புகையையும் இழுக்கும். நாலரை வீட்டில் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே கதவே இருக்காது. செத்தல் மிளகாயும் கடுகும் வெடிக்கிற எண்ணெய்ப் புகை நேரே அந்தச் சவ்வில் போய்ப் படியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டினால் அதன் கரியும் அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, கோடையின் ஈரப்பதனும் சேர்ந்தால், சவ்வில் நிற்க வேண்டிய மின்னூட்டம் கசியத் தொடங்கும். டிக், டிக் என்று சத்தம் வரும். பிறகு ஒரு பக்கம் குரல் மங்கும். சாமி அறையும் குசினியும் பக்கத்தில் இருக்கிற முன்னறையில் இதை வைக்கவே வைக்காதீர்கள். சாம்பிராணியை நிறுத்துங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஸ்பீக்கரை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

வேறு அறை என்றதும் பேஸ்மெண்ட் நினைவுக்கு வரும். அதுவும் கவனம். 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி டெபி புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்து கொட்டியதை மறந்துவிட்டோமா? ஒரே நாளில் 150 மில்லிமீட்டரளவு மழை. எத்தனை பேரின் பேஸ்மெண்டில் கழிவுநீர் ஏறியது! இந்த ஸ்பீக்கரின் மின்பகுதி அடித்தட்டிலேதான் இருக்கிறது, நிலத்தோடு நிலமாக. சுவர்ப் பிளக்கில் எந்நேரமும் செருகியபடி. தண்ணீர் ஏறிய அறையில் அதைத் தூக்கப் போகிறேன் என்று கால் வைக்காதீர்கள். பொருள் போனால் போகட்டும்.

மின்வெட்டிலும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி பனிமழையில் கியூபெக் முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வருகிற நேரம்தான் பொருள் கெடுகிற நேரம். விளக்கு அணைந்தவுடன் இரண்டு ஸ்பீக்கரின் பிளக்கையும் கழட்டிவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கரண்ட் வேண்டும் என்பதால் பலர் எக்ஸ்டென்ஷன் வயரைக் கார்பெட்டுக்குக் கீழே ஓடவிடுகிறார்கள். வேண்டாம்! மிதிபட்டு உள்ளே தேய்ந்தால் வெளியே தெரியாது. தீ விபத்துக்கு அது ஒன்றே போதும்.

லண்டனில் இருக்கிற அண்ணன் தன் பழைய குவாட்டை ஆசையாக அனுப்பி வைக்கிறாரா? அங்கே 230 வோல்ட், இங்கே 120. உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றித் தரத் தெரிந்தவரிடம் காட்டாமல் சுவரில் செருகாதீர்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்னாலும் சத்தம் போகிறதால் இதைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. மூன்று அடியாவது முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நம் முன்னறையில் அப்படி வைத்தால் சோபா எங்கே, பிள்ளைகள் ஓடுவது எங்கே? சுவரோரம் முழுக்க பேஸ்போர்ட் ஹீட்டர் வேறு. ஹீட்டருக்கு முன்னால் இதை ஒட்டி வைத்தால், குளிர்காலம் முழுக்கச் சூடும் தூசியும் பேனலில் படும். இன்னொன்றும் உண்டு. தட்டைப் பேனல் டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரே நேருக்குத்தான் சத்தத்தை விடும். நடு நாற்காலியில் இருப்பவருக்குச் சொர்க்கம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. எழும்பி நின்றாலே மேல்சுருதி மங்கும். இதைச் சரிசெய்யத்தான் குவாட் 1981-இல் வெளியிட்ட மாடலில் தகட்டை வளையம் வளையமாகப் பிரித்தார்கள், மார்ட்டின் லோகன் பேனலை வளைத்தது. குறை குறைந்தது, போகவில்லை. குடும்பமாக இருந்து படம் பார்க்கிற வீட்டுக்கு நல்ல சாதாரண ஸ்பீக்கரே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யூடியூபில் இறக்கிய பழைய பாட்டுகளைத்தான் கேட்பீர்கள் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள். இந்தச் சவ்வு குறையை மறைக்காது. பாட்டின் இரைச்சலும் கரகரப்பும் முகத்தில் அறைந்த மாதிரிக் கேட்கும்.

இவ்வளவும் சொல்லியும் வாங்கத்தான் போகிறீர்களா? சரி. போகிற வீட்டில் அவசரப்படாதீர்கள். கரண்டில் போட்டுச் சில மணி நேரம் ஆன பிறகே கேளுங்கள். ஊட்டம் ஏற நேரம் எடுக்கும். முதலில் பாட்டே இல்லாமல் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். டிக் சத்தமோ, சீறலோ வந்தால் வேண்டாம். அறையின் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். பேனலுக்குள் நீலமாக எங்காவது மின்னினால் வேண்டாம். மின்னல் அடித்த பிறகு வருகிற மாதிரி ஒரு மணம் மூக்கில் ஏறினால் வேண்டவே வேண்டாம். பிறகு ஒரே குரலை இரண்டு பக்கமும் சமமாக வரும்படி போடச் சொல்லுங்கள். குரல் நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வயரை இடம் வலம் மாற்றிக் கேளுங்கள். அதே ஸ்பீக்கர்தான் மெலிவு என்றால் அதன் பேனல் தேய்ந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பேனல் மங்குவது சாதாரணம். அந்த மாடலுக்குப் பேனல் இன்னும் விற்கிறார்களா, என்ன விலை என்று வாங்க முன்னம் விசாரியுங்கள். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை வரும்.

கடையில் வாங்கினால் கியூபெக் சட்டம் உங்கள் பக்கம். விலைக்கு ஏற்ற நியாயமான காலம் பொருள் உழைக்க வேண்டும். கடை எழுதிக் கொடுத்த வாரண்டி முடிந்தாலும் அந்த உரிமை போகாது. தனியாளிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் வராது. மறைந்திருந்த பழுது விற்ற நாளிலேயே இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 15,000 டொலர் வரையான வழக்குக்குச் சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. விளம்பரத்தையும், பேசிய செய்திகளையும் படமெடுத்து வைத்திருங்கள். கேட்டுப் பார்க்கத்தான் ஆசை என்றால், வசந்தகாலத்தில் மொன்றியல் பொனவென்சூர் ஹோட்டலில் ஓடியோஃபெஸ்ட் நடக்கும். போய் இருந்து ஆசை தீரக் கேட்டுவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.

ஏற்கனவே வீட்டில் இருக்கிறதா? பயப்பட வேண்டாம், ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். பிள்ளையின் கை எட்டாதபடி ஒரு தடுப்பை முன்னால் வையுங்கள். பூனை இருந்தால் அந்த அறையைச் சாத்துங்கள். பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழட்டிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். டிக் சத்தம் கேட்கிறது என்றால் இரவே பிளக்கைக் கழட்டி, விடியும் வரை விடுங்கள். காலையில் வக்கியூமின் மென்மையான தூரிகையால் தகட்டின் வெளிப்பக்கத்தை மெதுவாக உறிஞ்சுங்கள். ஈரத்துணி வேண்டாம், கண்ணாடி துடைக்கிற தண்ணீர் வேண்டாம். அதற்குப் பிறகு கரண்டில் போட்டும் சத்தம் வந்தால் பிளக்கைக் கழட்டிவிடுங்கள், திரும்பப் போடாதீர்கள். திருத்துநரைக் கூப்பிடுங்கள்.